வரப்புக்கு அந்தப் பக்கத்துப் புல்

முதலில் நான் நம்பியதைச் சொல்லிவிடுகிறேன். புல்லை அப்படியே விட்டுவைத்தால் அரசாங்கம் பணம் தரும் என்று யாராவது சொன்னால், நிலத்தை அமுக்க ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் மனசோடு வைத்துக்கொண்டிருந்தால் பாதி அவமானம் மிச்சமாகியிருக்கும். சங்கரன்கோவிலில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், செம்புக் கம்பி சுற்றி முடியும்வரை எங்கேயும் தப்பிக்க முடியாது. அப்படி வந்து மாட்டிய அத்தனை பேரிடமும் சொன்னேன்.

"இன்னைக்குப் புல்லுக்குத் துட்டு குடுப்பான். நாளைக்கு அங்கன கரண்டு எடுக்கக் காத்தாடி நடுவான். நாளைக்கழிச்சு நம்ம நிலத்துக்குள்ள போவ நாமளே கேட்டுல நின்னு கையெழுத்துப் போடணும்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மோட்டார் என் கையில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

பேச்சுக்குக் காரணமான நிலம் மேலநீலிதநல்லூர் போகிற வழியில் இருக்கிறது. மானாவாரி. கிணறு கிடையாது. என் மாமனார் அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மகனுக்கும் மறு பாதியை மகளுக்கும் எழுதிவைத்தார். மகன் என் மச்சினன், மகள் என் மனைவி. நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் என்ன புல்லோ இந்தப் பக்கமும் அதே புல். மாமனார் காலத்திலிருந்தே அங்கே ஆடுதான் மேய்ந்தது. உழவு பட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு ஆடியிலும் "வார வருசம் உழணும்" என்று சொல்லி என் கௌரவத்தைக் காப்பாற்றிவந்தேன்.

மச்சினனுக்கு அந்தக் கவலையும் கிடையாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க நல்ல நேரம் பார்க்கிறவன். அவன்தான் இந்தப் புல் திட்டத்துக்காக ஊரில் நடந்த கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு வந்தான். விருப்பப்பட்டவர்கள் சேரலாம், கட்டாயமில்லை. உழக்கூடாது. சீமைக்கருவேலத்தை வெட்டி எடுக்க வேண்டும். ஆட்டை இடம் மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். இதற்கு வருஷா வருஷம் உதவித்தொகை. இவ்வளவுதான் திட்டம். இதையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நிலத்தைப் பறிகொடுக்கக் கூட்டம் போட்டால் நான் எதற்குப் போக வேண்டும்?

"அத்தான், நான் சேர்ந்துட்டேன்" என்று கடைக்கு வந்து சொன்னான்.

"ஏலே மாப்ளே, நிலம் போச்சுன்னு நெனச்சுக்கோ."

"போனாப் போட்டும் அத்தான். இருந்து மட்டும் அது எனக்கு என்னத்தப் பறிச்சுப் போட்டுச்சு?"

நிலம் போகவில்லை. ஆட்கள் வந்து கருவேலத்தை வேரோடு எடுத்தார்கள். முதல் தவணை அவன் கணக்கில் ஏறியது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ரோட்டோரத்தில் ஒரு பச்சைப் பலகை நட்டு, புல்வெளிப் பாதுகாப்பு என்று போட்டு, கீழே அவன் பெயரை எழுதிவைத்தார்கள். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன், என் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து வெயிலில் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு அரசாங்கச் செலவில் பலகை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் பலகை தெரியாத பக்கத்து ஜன்னலில் இடம் பிடித்தேன். அப்போதும் கழுத்து தானாகத் திரும்பியது.

மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு வாய் வந்துவிட்டது. "அண்ணாச்சி, காத்தாடி எப்ப வருது?" என்பார்கள். "றெக்கைக்கு ஆர்டர் குடுத்திருக்கு வே" என்று நான் சிரிப்பேன். சிரித்த அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

வீட்டில் விஷயம் வேறு. புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் மனைவியின் பாதியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கடையை விரிவாக்கலாம் என்று எனக்கு ஆசை. அவளுக்கு விற்க மனசில்லை. அப்பா கொடுத்தது என்று அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

"எம் பாதியையும் அதுல சேத்து விடுங்க. வருசத்துக்கு ஏதோ கொஞ்சம் வந்தா, அத விக்கணும்னு நீங்களும் சொல்ல மாட்டிய. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள்.

அவள் கேட்டது நிலத்துக்காக. நான் கிளம்பியது பலகைக்காக.

அவள் பெயரில் மனுக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அதிகாரி நிலம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று மச்சினனைக் கேட்டிருக்கலாம். அவனிடம் போய் "மாப்ளே, வெவரம் சொல்லு" என்று நிற்பதைவிட நாலு மோட்டாரை விழுங்குவது சுலபம். எனக்குத் தெரியாத மானியமா? எங்கள் பக்கத்தில் சொட்டுநீர்க் குழாயோ எலுமிச்சங்கன்றோ எது வாங்குவதானாலும், அதிகாரி வருமுன் நிலத்தை உழுது நிறுத்துவதுதான் மரியாதை. உழாத நிலத்தைக் காட்டுவது குளிக்காமல் பெண் பார்க்கப் போகிற மாதிரி. அவன் பக்கம் எண்ணெய் காணாத தலையாகக் கிடக்கட்டும், நம் பக்கம் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அரசாங்கம் நல்ல சாதிப் புல்விதை தரும், அதற்கு மண் பதமாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

முந்தின நாள் டிராக்டரைக் கூட்டிப்போனேன். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முழங்கால் ஒசரத்துக்குப் புல்லு நிக்கி. இதப் போயி ஏன் அழிக்கணும்?" என்றான்.

"நீ ஓட்டு வே. நாளைக்கு அதிகாரி வாராவ."

கலப்பை இறங்கியதும் புல்லுக்குள்ளிருந்து நாலைந்து கௌதாரிகள் எழும்பின. எழும்பியவை நேராக வரப்பைத் தாண்டி மச்சினன் பக்கம் போய் இறங்கின. கௌதாரிக்குக்கூட அவனைத்தான் பிடிக்கிறது என்று பொருமினேன். அதே நேரம் அவனிடமிருந்து போன் வந்தது. உழுகிற செய்தி அதற்குள் எட்டியிருக்கிறது, வயிறு எரிகிறது, எரியட்டும் என்று கட் பண்ணினேன். திரும்பத் திரும்ப அடித்தான். ஒவ்வொரு தடவை கட் பண்ணும்போதும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கடைசியில் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு சால் ஆழமாக ஓட்டச் சொன்னேன்.

மறுநாள் வந்த அதிகாரி ஒரு அம்மா. வரப்பில் ஏறி நின்றார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். மச்சினன் பலகைக்குப் பக்கத்தில் நின்றான்.

"புல் எங்க சார்?"

"ஒரு வேர் விடாம எடுத்தாச்சு மேடம்."

இன்னமும் நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"நீங்க புது வெதை போடுவீங்கல்லா, அதுக்குத்தான்."

"இருக்கிற புல்லைக் காப்பாத்தத்தான் சார் இந்தத் திட்டமே. உழுத நிலத்தைச் சேர்க்க முடியாது."

அப்புறம் நான் செய்ததை மனைவி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். மண்ணில் இறங்கி, புரண்டு கிடந்த ஒரு புல் தூரை எடுத்து, குழி பறித்து நட்டு, காலால் மிதித்தேன். "இந்தா மேடம், நின்னுட்டு." அது சாய்ந்தது. இன்னொன்றை எடுத்தேன். வேஷ்டி முழுக்கக் கரிசல். அந்த அம்மாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. போதும் சார், போதும் சார் என்று சொல்லிக்கொண்டே வரப்பைவிட்டு இறங்கினார்.

"இதச் சொல்லத்தான் அத்தான் நேத்து அத்தன தடவ கூப்ட்டேன்" என்றான் மச்சினன். குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை.

மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கடைவீதி வந்ததும், "அந்த நெலத்துல இனிமே நீங்க ஒரு வேலையும் பாக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த முறை அவள் பாதியைச் சேர்க்கவில்லை. உழாமல் போட்டு, புல் திரும்பி நின்ற பிறகு மறுபடி மனுக் கொடுங்கள் என்றார்கள். எவ்வளவு காலமாகும் என்று யாரும் சொல்லவில்லை. புளியங்குடிக்காரருக்கும் விற்கவில்லை. அவள் தன் பாதியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டாள். இப்போது வரப்பின் இரண்டு பக்கத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.