பதினைந்து அந்தர் லொறிக்கு ஒரு டிரம்

திருகோணமலையில் எந்த இரும்புச் சாமானைக் காட்டி "இது எங்கே எடுத்தது?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கரை ஒதுங்கினது." வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன பிறகு இந்த ஊரில் கரை ஒதுங்காத சாமானே இல்லை. ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, லொறியின் காற்று வடிகட்டி மூடி. அதுவும் கரை ஒதுங்கினதுதான். இரும்பு எப்படியப்பா மிதந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கவே மாட்டேன். தளத்து ஸ்டோரில் பதினொரு வருடம் சாமான் எடுத்துக் கொடுத்தவன் நான். எது எந்தத் தட்டில் இருந்தது, எந்தச் சின்னச் சாமான் யாருடைய சாப்பாட்டுக் கரியரில் வெளியே போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

என் தம்பி அதே தளத்தில் எஞ்சின் பூட்டுகிற பிற்றராக இருந்தவன். முக்கால் தொன் பாரம் ஏற்றுகிற, யுத்த காலத்துப் பதினைந்து அந்தர் லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்து எங்கள் வளவில் கட்டைமேல் ஏற்றி வைத்தான். வரும்போது அதில் பாதிச் சாமான் இல்லை. மற்றப் பாதி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இறக்குமதிச் சாமான் ஊரில் கண்ணிலும் படாத காலம் அது. கொழும்புக்கு எழுதிக் கேட்டால் பதில் வரவே மூன்று மாதம் பிடிக்கும். வருகிற பதிலும் இல்லை என்றுதான் வரும்.

லொறியை ஓட வைத்தால் தம்பிக்குக் கந்தளாய்ச் சீனி ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற வேலை இருந்தது. இருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண்சாதியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடுவது என்பது அவன் முடிவு. நான் கலியாணம் செய்யாதவன். அதே வளவில் ஓர் அறையில் இருந்தேன். சாப்பாடு அவர்களின் குசினியில். அவர்கள் போனால் அந்த வளவில் நானும் கிணறும்தான். அந்த லொறிக்கு ஊர் ஊராகச் சாமான் தேடித் திரிந்தவனும் நான்தான். இதைவிடப் பெரிய விசர்த்தனம் வேறென்ன?

சாமான் தேடுவதற்கு ஒரு முறை இருந்தது. நேரே கேட்டால் கிடைக்காது. கேட்டால் ஆள் பயந்துவிடும், பிறகு அந்தச் சாமான் கிணற்றுக்குள் போய்விடும். அது அந்த வீட்டில் என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையைச் செய்யக்கூடிய இன்னொன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தேத்தண்ணீர் குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, எழும்புகிற நேரத்தில் "இது உங்களுக்கு இன்னும் வாய்ப்பாயிருக்கும்" என்று வைக்க வேண்டும். சலூன்காரர் ஒருவர் முன்விளக்கு வளையத்தைக் கண்ணாடிக்குச் சட்டமாகப் பூட்டியிருந்தார். தச்சனிடம் தேக்கில் வட்டச் சட்டம் செய்வித்துக் கொண்டுபோனேன். பெற்றோல் தாங்கி மூடி கிண்ணியாவில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் சீனிப் போத்தலை மூடிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கார முஸ்லிம் நானாவுக்குப் போத்தலோடு புதுமூடி கொடுத்தேன். மனிதர் சந்தோஷத்தில் காபரேட்டர் இருக்கிற வீட்டையும் காட்டிவிட்டார். அதை ஒரு நீர்ப்பம்பில் பூட்டியிருந்தார்கள். அங்கே மட்டும் முறை பலிக்கவில்லை. பம்பை முழுதாகத் திருத்திக் கொடுக்கத் தம்பி நான்கு நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பின்சில்லு ஒன்றின் பிரேக் டிரம். பழையது குறுக்கே வெடித்திருந்தது. ஒட்டிப் பார்த்தோம், சூடேறியதும் அதே இடத்தில் வாய் பிளந்தது. டிரம் இல்லாமல் வாகனப் பரிசோதகர் லொறியை ரோட்டில் விடமாட்டார், விடவும் கூடாது. தம்பி துளைகளின் இடைவெளியை மட்டையில் வெட்டித் தந்தான். அந்த மட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூதூர், கிண்ணியா, சல்லி என்று சைக்கிளில் அலைந்தேன். எந்த டிரம்மும் மட்டைக்குச் சரிவரவில்லை.

புரட்டாதியில் அதை இறக்கக்கண்டியில் கண்டேன். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்துக் கொப்பில் மணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெடித்த டிரம்மைத் தட்டினால் "டொக்" என்று செத்த சத்தம் வரும். இது கணீரென்று கடற்கரை வரை கேட்டது. மட்டையை வைத்துப் பார்த்தேன். ஆறு துளையும் பொருந்தின. மறுநாள் ஒரு துண்டுத் தண்டவாளத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். தலைமை வாத்தியார் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது எங்கால?" என்று கேட்டார்.

"கரை ஒதுங்கினது."

"தண்டவாளமோ?"

"ஓம்."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, கட்டுங்க. ஆனா பிள்ளையள் வீட்டுக்குப் போற நேரத்துக்கு இதுவும் கேக்கோணும்" என்றார்.

டிரம்மைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடாத குறையாக வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு சந்தோஷம். வளவுக்குள் வந்தபோது குசினியில் எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது. சின்னவள் என் கதிரையில் காலை மடக்கிக்கொண்டு நித்திரையாகியிருந்தாள். தம்பி லொறிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "கிடைச்சுதோ அண்ணை?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நேரம் எனக்கே தெரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகத் தெரியும். டிரம்மை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய சாரத்தைப் போட்டு மூடினேன்.

ஐப்பசி போயிற்று. மழை பிடித்தது. நான் தேடுகிறேன் என்று சொல்லிச் சைக்கிளில் வெளிக்கிட்டு, உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். என்னால் ஏலாதென்று நினைத்துத் தம்பி தானே தேடப் புறப்பட்டான். மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய் நனைந்து வந்து ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்ததும் நான்தான். அந்தக் கிழமையில் என்னை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கந்தளாயில் பொறுத்துப் பார்ப்பார்கள், பிறகு வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பியின் பெண்சாதி ஒருநாள் எனக்குச் சோறு போட்டபடியே, தலை நிமிராமல் சொன்னாள்: "கட்டிலுக்குக் கீழை கூட்டேக்குள்ளை கண்டனான். கண்டு ரெண்டு கிழமையாகுது. அவருக்குச் சொல்லேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களிலை அவருக்கு எவ்வளவு நம்பிக்கை எண்டு தெரியும். அதைக் கெடுக்கிறதுக்கு நான் ஆர்?" என்றாள். பிறகு வழக்கம்போல இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய் லொறியடியில் வைத்தேன். தம்பி அதை ஸ்பானரால் தட்டினான். சத்தம் அடங்கும் வரை காது கொடுத்துக் கேட்டான். மட்டையை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"புரட்டாதியிலை."

அவன் கையிலிருந்த ஸ்பானரை எறிவான், பேசுவான், ஊரைக் கூட்டுவான் என்று நின்றேன். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் யார் எவர் என்று தெரியாது. ஆனால் அவன் மண்ணில் உட்கார்ந்துகொண்டு அழுகிற மாதிரிக் கேட்டான்.

"ஏன் அண்ணை, போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன். நீங்கள் ஓடி ஓடிச் சாமான் தேடித் தாறதைப் பாத்து, நாங்கள் போறதுதான் உங்களுக்கு விருப்பம் எண்டெல்லோ நினைச்சனான்."

நான் குனிந்து, மண்ணில் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"இப்ப ஏலாது. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அவளின்ரை பெட்டியளும் கட்டியாச்சு" என்றான். பிறகு எழும்பி டிரம்மைப் பூட்டத் தொடங்கினான். நான் சில்லைப் பிடித்துக்கொண்டேன். பொழுதுபடும் வரை நட்டு, போல்ட், கிறீஸ் தவிர வேறு கதை இல்லை.

லொறி முதல் தடவையிலேயே பரிசோதனையில் தேறியது. கார்த்திகையில் ஒரு காலை, கட்டில், அலுமாரி, பாத்திரம் எல்லாம் ஏற்றினோம். பிள்ளைகள் தாயோடு முன்னால் ஏறிக்கொண்டு எனக்குக் கை காட்டினார்கள். தம்பி எஞ்சினை எழுப்பிவிட்டு, இறங்காமல், கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கியது. அந்த ஒரு சொல் நெஞ்சிலிருந்து வாய் வரை வந்தது.

"பத்து மைல் போனதும் நிப்பாட்டி, பின்சில்லு நட்டை இன்னொருக்கா இறுக்கிப் பார்" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றான்.