சண்டாஸுக்குக் கதவு வந்த வருஷம்

சேசம்மாள் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கணவர் மரியசூசை தோல் பதனிடும் ஷெட்டில் இருந்தார். பதினாலு வயதில் ஒரே மகள், ஏஞ்சல்.

முப்பது வீடுகள் கொண்ட அவர்கள் சந்தின் கோடியில் எட்டு அறைகளோடு முனிசிபாலிட்டி கட்டிய ஒரு சண்டாஸ், அதாவது பொதுக் கக்கூஸ், இருந்தது. கட்டிய சில வருஷத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, அறைகள் அடைத்துக்கொண்டன, கதவுகளை யாரோ கழற்றி அடுப்பெரித்துவிட்டார்கள். பிறகு சந்துக் குப்பையெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஆண்கள் தண்டவாளப் பக்கம் ஒதுங்கினார்கள். பெண்கள் விடிவதற்கு முன்பே கூட்டமாக மாஹிம் உப்பங்கழிச் சேற்றுக்குப் போய்வந்தார்கள். பகலில் வயிறு சரியில்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

1963 மழையில் பக்கத்து வீட்டு ரோஸி அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான் முறிந்தது. சேசம்மாள் தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவளைக் கூட்டிப் போனாள்.

கட்டுப் போடும்போது ரோஸி மெதுவாகச் சொன்னாள்: "இனிமே ராத்திரிச் சோறே திங்க மாட்டேன்க்கா."

அந்தப் பேச்சு சேசம்மாளை நாலு நாள் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மண்வெட்டி, தென்னந்துடைப்பம், பினாயில் பாட்டிலை எடுத்து வைத்தாள். மரியசூசை வாசலை மறித்தார்.

"ஆஸ்பத்திரியில கழுவுறது சம்பளத்துக்கு. இங்க கழுவுனா நம்மள என்ன சாதின்னு நெனப்பானுவ?"

"நெனைக்கட்டும். ரோஸி சோறு திங்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று ஓர் அறையைத்தான் முடிக்க முடிந்தது. சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. மரியசூசை மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் கடையில் பாவு ரொட்டியும் டீயும் வாங்கிக் காலம் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு ரோஸி தன் கணவன் தனசீலனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் ஏழெட்டுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். கைவண்டி இழுக்கும் உதுமான் பாய் தன் வண்டியைக் கொடுத்தார். குப்பை பதினோரு வண்டி போயிற்று. மாஹிமில் மரப்பெட்டி அடிக்கும் கணேசபாண்டியன் ஒருநாள் வந்து பார்த்தான்.

"கதவு இல்லாம கழுவி என்னத்துக்குக்கா? யாரு உள்ள போவா?" என்று கேட்டு, நிலைகளை முழம் போட்டு அளந்துகொண்டு போனான். பதினைந்து நாளில் தேயிலைப் பெட்டிப் பலகையில் எட்டுக் கதவுகள் வந்துவிட்டன. ஒன்றில் இங்கிலீஷ் எழுத்து தலைகீழாக இருந்தது.

ஐந்து அறை பெண்களுக்கு, மூன்று ஆண்களுக்கு என்று பிரித்தார்கள். அறைக்கு ஒரு பூட்டு, வீட்டுக்குப் பெண்கள் அறைக்கு ஒன்றும் ஆண்கள் அறைக்கு ஒன்றுமாக இரண்டு சாவி, வாரம் ஒரு வீடு கழுவ வேண்டும். தனசீலன் முனிசிபாலிட்டிக்கு எழுதிய மனுவுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்து குழாய் வந்தது. அதுவரை வீட்டுக்கு ஒரு வாளி தண்ணீர். முறைக்கு வர மறுத்த இரண்டு வீட்டாருக்குச் சாவி தரவில்லை. ஒரே வாரத்தில் அவர்களும் துடைப்பத்தோடு வந்தார்கள். மரியசூசை மட்டும் வரவில்லை. தங்கள் வீட்டு முறையைச் சேசம்மாள் ஒருத்தியே செய்தாள்.

சந்தில் இன்னொரு சேசம்மாள் இருந்ததால் இவளுக்குச் 'சண்டாஸ் சேசம்மா' என்று பெயர் விழுந்தது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அது அவளுக்கு வலித்தது.

1968-ல் செம்பூரிலிருந்து ஏஞ்சலைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, கழுவுகிற வேலை பார்க்கிற வீடு இதுதானா என்று கேட்டாள். சேசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பதில் மரியசூசையிடமிருந்து வந்தது.

"ஆமா, இவதான் கழுவுனா. இந்தச் சந்துப் பொம்பளைய எல்லாரும் மானமா இருக்குறது அதனாலதான். நாந்தான் கூடப் போவல. அது எங் குத்தம்."

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. ஏஞ்சல் இரண்டு நாள் அழுதாள். மறு வருஷம் குர்லாவில் பட்டறை வேலை பார்க்கும் பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

செம்பூர்க்காரர்கள் வந்துபோன பிறகு தங்கள் வீட்டு முறை வந்தபோதெல்லாம் மரியசூசையும் கூடப் போனார். உள்ளே போனால் அவருக்குக் குமட்டியது. அதனால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வாசலில் வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.