பெருக்கித் தள்ளிய சாட்சி

வக்கீல் சங்கமித்ரா வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நிலத்துக்கு மவுசு கூடியபோது, பிளாட் கட்டுகிறவர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடிவந்தார்கள். எல்லோரையும் ஒரே கேள்வியால் படுத்தி எடுப்பார்.

"பேப்பரு கெடக்கட்டும். எடத்துல யாரு பொழங்கினு கீறாங்கன்னு பாத்தியா?"

பார்க்காதவனுக்கு, பத்திரம் சரி என்கிற ஒப்பீனியன் கிடையாது. தானே போய் வெயிலில் நின்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். இதென்ன வீண் அலைச்சல் என்று சலித்துக்கொண்டவர்களே அடுத்த மனைக்கும் அவரிடம்தான் வந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கே முகத்துவாரக்குப்பத்து ஜனங்கள் ஒருநாள் தண்ணி காட்டினார்கள்.

அவர்கள் படகு ஏற்றி, வலை காயப்போட்டு, மீன் ஏலம் விடுகிற மணல்மேட்டை வாங்கிவிட்டதாகவும், அதில் அடுக்குமாடி கட்டப்போவதாகவும் ஒரு கம்பெனி வந்து நின்றது. அந்த மேடு போனால் தொழிலே போச்சு. சங்கமித்ரா குப்பத்துக்காக இடைக்காலத் தடை வாங்கினார். அது காலிமனை என்றது கம்பெனி. காலங்காலமாகப் புழங்கும் இடம் என்றார் இவர். நேரில் பார்த்துவர கோதண்டம் என்கிற மூத்த வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது கோர்ட். அவர் பார்த்துச் சொல்வதில்தான் எல்லாம் இருந்தது.

கமிஷனரோடு போய் இறங்கிய சங்கமித்ராவுக்குப் பகீரென்றது. மணல்மேடு துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. வலை இல்லை, கூடை இல்லை, ஒரு மீன் செதில்கூட இல்லை. நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் துண்டு, பக்கத்தில் இளநீர். கம்பெனி வக்கீல் பக்தவச்சலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகளிர் சங்கத் தலைவி கன்னியம்மா பெருமையாக வந்தார். "காத்தாலேர்ந்து பெருக்கினோம் மேடம். கோர்ட்டு ஆளு வராரு, கலீஜா வெச்சிகினா இருக்க முடியும்?"

"இன்னாக்கா இது! சாட்சியையே பெருக்கித் தள்ளிட்டீங்களே!"

கன்னியம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "இப்பவே எடுத்தாந்து போட்டுறவா?"

"வேணாங்க்கா. அது நாடகமாப் பூடும்." பொய்யை ஜோடித்து ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்று நினைக்கிற ஜாதி அவர். இந்தத் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவரை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "பெருக்குனது ஆம்பளைங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் பூட்டாங்களே."

சங்கமித்ரா கமிஷனரிடம் திரும்பினார். "சார், எடத்தப் பாத்துட்டீங்க. படகுங்க வர்ற நேரம். கொஞ்சம் இருந்து வேலையையும் பாத்துட்டுப் போங்க."

"காலிமனையில என்னம்மா வேலை?" என்றார் பக்தவச்சலம். கோதண்டம் இளநீரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

உச்சிவெயிலில் முதல் படகு வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. யாரும் தயங்கவில்லை, நேராக அந்த மேட்டுக்கே ஏற்றினார்கள். கூடைகள் இறங்கின. பெருக்கியதையெல்லாம் மறந்து பெண்கள் ஏலத்துக்கு ஓடினார்கள். நாலு பேர் ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை நோக்கி வந்தார்கள். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

"யோவ் பெர்சு, எழுந்து ஓரமா நில்லு! தெனம் வலை போடற எடத்துல குந்திகினுகீற!"

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பக்தவச்சலத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கோதண்டம் எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். வலை விரிந்தது. அதைப் பார்த்தபடியே பேனாவைத் திறந்தார்.

தடை நிலைத்தது. கம்பெனி மணல்மேட்டை விட்டுவிட்டு, ரோட்டுப் பக்கமாகப் பிளானை மாற்றிக்கொண்டது. அதன்பிறகு எந்த அதிகாரி வந்தாலும் முகத்துவாரக்குப்பத்தில் யாரும் துடைப்பத்தைத் தொடுவதில்லை.