கலசத்தைத் தூக்கும் முன்

வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு இந்த விழா மலரை வாங்கியவர்கள், பந்தலில் உட்கார்ந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டுகிறேன்.

இன்று எழுபது வயது நிறைந்து பீமரத சாந்தி காணும் மாமா அவர்கள் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்கு ஆரணி வந்து, எங்கள் அப்பாவின் நண்பராகப் பக்கத்து வீட்டில் தறி போட்டவர். அப்பா இறந்தபின் எங்களுக்கு எல்லாம் அவர்தான். என் மகளின் காதுகுத்துக்கு நான் குடித்துவிட்டு வந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, "இவன் குடிச்சிருக்கான். கொழந்தைய இவன் கைல குடுக்காதீங்க" என்றார். அன்றோடு விட்டேன். எனக்கு முருகன் மாலை போட்டுவிட்டவரும் அவரே.

இந்தப் பெருமைகளையெல்லாம் விரிவாக எழுதி அச்சகத்தில் கொடுத்திருந்தேன். அதைத் திருப்பி வாங்கிவிட்டு, விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுத் தறிச் சத்தம் பாதியில் நின்றது. வெகுநேரம் திரும்பக் கேட்காததால் போய்ப் பார்த்தேன். தறிக்குழியில் காலை விட்டபடி, நெய்த பட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்.

ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயக் கோளாறு என்று அன்றைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மாமா தலையாட்டினார். வெளியே வந்ததும் டாக்டர் எழுதித் தந்த சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"விசேஷத்துக்கு ஆறு நாள்தான் இருக்குது. ஊரெல்லாம் பத்திரிகை வெச்சிட்டு நான் ஆஸ்பத்திரில படுத்துகினு இருக்கறதா? உங்க அத்தைக்குத் தெரிஞ்சா பேஜாருப்பா. முடியட்டும், போலாம்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா, மாமா?"

"ஆனா என்ன, பந்தல்தான் போட்டிருப்பாங்களே. நீ மூஞ்ச அப்படி வெச்சுகினு வராத."

பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றி, யாரிடமும் சொல்வதில்லை என்று என் கையை அதன்மேல் அடிக்க வைத்தார். அடித்தேன்.

தினமும் போய்க் கெஞ்சிவிட்டேன். அவர் மகன் பெங்களூரிலிருந்து புதன்கிழமைதான் வருகிறார். நான் அவருக்குப் போனில் சொன்னால், மாமா வெறும் வாய்வு என்று சிரித்தே மழுப்பிவிடுவார். தனியாக யார் சொன்னாலும் மாமா கேட்டதில்லை. இதை எழுதும்போது சுவருக்கு அப்பால் தறி நாலு முறை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டு, மறுபடி சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழன் விடியற்காலையில் அத்தனை கலசத் தண்ணீரும் அந்த உடம்பின் மேல் விழுமே என்று, காரணம் சொல்லாமல் குருக்களைக் கேட்டேன். ஒரு சொட்டு தெளித்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்றார்.

தெளித்தால் போதும். வேலூர் போகப் பந்தலுக்குப் பின்னால் கார் தயாராக நிற்கும். ஊரே கூடி நின்றால் அவரால் மறுக்க முடியாது. கற்பூரத்தின் மேல் செய்த சத்தியத்தை மீறுகிறேன். அந்தப் பாவத்தைப் பிள்ளையார் என் பிள்ளைகளிடம் கேட்காமல் என்னிடம் மட்டும் கேட்கட்டும்.

இதுவரை உதவியவர்களுக்கு மற்றவர்கள் நன்றி எழுதியிருப்பார்கள். நான் இனி உதவப் போகிறவர்களைக் கும்பிடுகிறேன். யாராவது அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கும் ஒரு மலர் கொடுத்திருப்பார்கள். அவர் இந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் எழுந்திருங்கள்.