பின்னல் ஓஸும் பனமலைச் சவாரியும்

செஞ்சியில் அப்போது இருந்த கார்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றுக்கு நான் டிரைவர். கார் என் முதலாளியுடையது. நெல் மண்டி வைத்திருந்தார். பட்டாளத்தில் ஏழு வருஷம் லாரி ஓட்டியும், ஓடாத லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தும் விட்டு ஊர் திரும்பிய எனக்கு அவர்தான் வேலை கொடுத்தார். அறுபதுகளின் பின்பாதி அது. சொந்தமாக ஒரு காணி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டியரிங் கிடைத்ததே பெரிது என்று ஊர் சொன்னது. முதலாளியும் அதைத் தினம் ஒரு தடவை சொல்லிவிடுவார்.

ஒரு நாள் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இறங்கிப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஓஸ் என்கிற ரப்பர் குழாய், மிதிக்கும்போதெல்லாம் நடுவில் உப்பிக்கொண்டு, காலை எடுத்தால் அடங்கியது. பிரேக் என்பது வேறொன்றுமில்லை. கால் தள்ளுகிற ஆயில் சக்கரம் வரைக்கும் போய் அங்கே கவ்வ வேண்டும். ஓஸ் உப்பினால் ஆயில் பாதி வழியிலேயே தங்கிவிடும். வெடித்தால் கேட்கவே வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி குடும்பத்தோடு பனமலைக் கோயிலுக்குப் போய் அன்னதானம் செய்வதாக வேண்டுதல். அங்கே ஏரிக்கரை மேல் ஒரு வளைவு உண்டு. பிரேக் பிடிக்காவிட்டால் கார் வளையாது, நேராக ஏரிக்குள்தான் போகும். கார் நிறைய ஆள், நடுவில் நான்.

"மொதலாளி, பிரேக்கு ஓசு மாத்தணும். விழுப்புரத்துல இந்த வண்டிக்குன்னே கம்பெனி ஓசு விக்கிறான். போய் வாங்கியாறேன்," என்றேன்.

"ஓசுன்னா ஒரே ஓசுதானா? நாலு தினுசு பாத்துதான்டா வாங்கணும்," என்றார் முதலாளி.

தினுசு பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒன்றைப் பல்லில் கடித்து, எந்த ஊர் வயல் என்று சொல்லிவிடுவார். தொண்டூர் நெல்லையும் அனந்தபுரம் நெல்லையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அந்தத் திறமையை ஓஸ் மீதும் காட்டினார். உப்பிய பழைய ஓஸைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தார். தேய்த்துப் பார்த்தார். கடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், நல்லவேளை பிரேக் ஆயில் நாற்றம் தடுத்துவிட்டது.

"வெறும் கறுப்பு ரப்பரு. இதுல இன்னா பெலம் இருக்கும்?" என்றார்.

பிளேடால் அதை நீளவாக்கில் அறுத்துக் காட்டினேன். உள்ளே ஒரு ரப்பர், அதன் மேல் நூலால் நெருக்கமாகப் பின்னிய உறை, அதன் மேல் இன்னொரு ரப்பர், மறுபடி ஒரு பின்னல், எல்லாவற்றுக்கும் மேல் கறுப்புத் தோல். ஆயில் எவ்வளவு அழுத்தினாலும் ரப்பரை உப்பவிடாமல் பிடித்து வைப்பது அந்தப் பின்னல்தான் என்றேன். முதலாளிக்கு அதில் ஒரு வார்த்தை மட்டும் பிடித்துப் போனது.

"பின்னல்தான் முக்கியம்ங்குறான். அப்ப பின்னல் வெளிய தெரியற மாதிரி வாங்கிடலாம்."

மண்டியில் அன்றே ஒரு சபை கூடியது. முதலாளி ஒருவர். மண்டிக் கணக்குப்பிள்ளை இன்னொருவர், அவர் வாழ்நாளில் மாட்டு வண்டியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மூன்றாவது ஆள் பம்புசெட் மெக்கானிக். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வருகிறவருக்கு ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது பெரிய காரியமா என்பது முதலாளியின் எண்ணம். நானும் அங்கேதான் இருந்தேன், வாசல்படிக்கு வெளியே. பிரேக்கை மிதிக்கிற கால் என்னுடையது என்பதால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ, என்னை யாரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை பயிருக்கு மருந்தடிக்கிற மெஷினின் குழாயை எடுத்து வந்தார். வெளியே துணி நூல் பின்னல் பளிச்சென்று தெரிந்தது.

"இதுல பின்னலு இருக்குது, ரப்பரு இருக்குது, ஓட்டையும் இருக்குது. வேற இன்னா வேணும்?" என்றார்.

"ஐயா, அது மருந்துத் தண்ணிக்கு ஆவும். பிரேக்கு ஆயிலுக்குத் தாங்காது," என்றேன் வெளியிலிருந்து.

"தாங்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

பட்டாளம் சொன்னது என்றால் எடுபடாது. கண்ணால் பார்க்கட்டும் என்று, குழாயில் ஒரு துண்டு வெட்டி பிரேக் ஆயிலில் ஊறப் போடலாம் என்றேன். அதற்கு ஒரு கிளாஸ் வேண்டும். மண்டிக்குள் டீ கிளாஸ்கள் பத்துப் பன்னிரண்டு கவிழ்த்து வைத்திருந்தார்கள். எனக்கென்று ஒரு கிளாஸ் மட்டும் வெளிச்சுவர் மாடத்தில் தனியாக இருக்கும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த மாடத்தைப் பார்த்தார்கள். சபை ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். துண்டு என் கிளாஸில் ஊறியது. இரண்டு நாள் எனக்கு டீ இல்லை.

மூன்றாம் நாள் எடுத்தபோது ஒட்டியிருந்த பசை கரைந்து, துணி தனி, ரப்பர் தனியாகக் கையோடு வந்தது. கணக்குப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆயிலில்தான் கோளாறு என்றார்.

அதற்குள் முதலாளி மெக்கானிக்கை மெட்ராசுக்கு அனுப்பியிருந்தார். பழைய சாமான் கடைகளில் அலைந்து அவர் கொண்டு வந்ததைப் பார்த்து மண்டியே வாயைப் பிளந்தது. வெள்ளிக் கொலுசு மாதிரி எஃகுக் கம்பியால் பின்னிய ஓஸ். ஆகாய விமானத்தில் இருந்ததாம். ஓஸ் நல்ல ஓஸ்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். விமானத்துக்கு அது சரியாகவே இருந்திருக்கும்.

முதலாளி அதைக் கையில் சுற்றிப் பார்த்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார். அன்று முழுக்கக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்திருந்து, நெல் போட வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு வருத்தம், இவ்வளவு அழகான சாமானைச் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டினால் யார் பார்ப்பது என்று.

மாட்டும்போதுதான் கதை தெரிந்தது. ஓஸின் நுனியில் இருக்கிற திருகு மரை ஒரு கணக்கு, காரில் இருக்கிற மரை இன்னொரு கணக்கு. இரண்டு சுற்று ஏறியது. மூன்றாவது சுற்றில் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் கவலைப்படவில்லை. சணலை மரையில் சுற்றி, வெள்ளை ஈயத்தைப் பூசி, முறுக்கினார். தண்ணீர்க் குழாய்க்கு அப்படித்தானே செய்கிறோம் என்றார்.

"அண்ணே, இது மரைல அடைக்கிற சாமான் இல்ல. நுனி போயி அடியில குந்துனாத்தான் ஆயிலு நிக்கும். ரெண்டு சுத்துல எங்க குந்தும்? அழுத்தி மிதிச்சா புடுங்கிக்கும்," என்றேன்.

"ரெண்டு சுத்து ஏறிச்சில்ல? போதும்டா. கெணத்துல நாப்பது அடி கொழாய் எறக்கி வெச்சிருக்கறேன், அதுவே புடுங்கல."

ஓஸுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். ஜனங்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் உள்ளே உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே பிரேக்கைப் பத்துத் தடவை அழுத்தி மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கணக்குப்பிள்ளை ஓடிப் போய் ஒரு கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார், ஆயில் வீணாகக் கூடாதாம்.

"ஒண்ணு ரெண்டு சொட்டுதான? போவப் போவ அடைச்சிக்கும்," என்று முதலாளி எழுந்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. பட்டாளத்தில்கூட இவ்வளவு பயந்ததில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம். வேலையை விட்டால் அடுத்த வேலை வயல் கூலிதான். வேலையைப் பிடித்துக்கொண்டால் பனமலை ஏரி. மூன்று நாள் இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் பிள்ளை குட்டியோடு அதே காரில்தானே வருகிறார், அவ்வளவு ஆபத்து என்றால் ஏறுவாரா, ஒருவேளை எனக்குத்தான் பட்டாளத்துத் திமிரோ என்றுகூட என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டிக்குப் போனேன். காரின் பின் சீட்டில் அரிசி மூட்டைகள் ஏற்றியிருந்தார்கள். ஊரே ரேஷன் கடையில் நின்ற காலம் அது, அந்த மூட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கக் கூடாது. முன் சீட்டில் அண்டாவும் கரண்டிகளும். ஆள் உட்கார இருந்த ஒரே இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான்.

"வீட்ல அல்லாரும்?" என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன்.

"பஸ்சுல போறாங்க. பொம்பளைங்க பஸ்சுல போவணும்னு ஆசப்பட்டாங்களாம். மொதலாளியும் தொணைக்குப் போறாரு. ஒன்ன மெதுவா ஓட்டியாரச் சொன்னாரு."

கார் வாங்கிய நாளிலிருந்து பஸ்ஸில் கால் வைக்காத மனிதர். பஸ்ஸில் கண்டவனும் வந்து இடிப்பான் என்று சொல்கிறவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொட்டுகளை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். மரை, சணல், ஏரிக்கரை வளைவு எல்லாம் அவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் மனைவியையும் பிள்ளைகளையும் தன்னையும் இறக்கிவிட்டு, போனால் போகட்டும் என்கிற சாமான்களை மட்டும் காரில் ஏற்றியிருக்கிறார். மூட்டை, அண்டா, கரண்டி, நான். அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அனந்தபுரம் வழியாகப் பனமலை போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடத்தான் ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பெண்கள் முன்னால் இருந்தார்கள். முதலாளி இரண்டு பேர் சீட்டில், ஒன்றில் அவரும் மற்றொன்றில் அவர் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வேறு இடமே இல்லை. துண்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். ஒதுங்க அங்கே இடமில்லை.

"கார யாருடா ஓட்டியாருது?"

"சாவி இந்தாருக்குது மொதலாளி. நல்ல ஓசுன்னு சொன்னவங்க மூணு பேரு இருக்கறீங்க. யாருக்குக் குடுக்கட்டும்?"

வழியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தார், எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். முதலாளி முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தணிந்த குரலில் கேட்டார்.

"இந்த பஸ்சுக்குப் பிரேக்கு நல்லாருக்குமா?"

"நீங்க வாங்குனதில்லையே மொதலாளி. நல்லாத்தான் இருக்கும்."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "அப்ப நம்ம வண்டிக்கு எதுதான் வாங்கணும்ங்குற?" என்றார்.

பத்து நாளாக ஊரையே கேட்டவர் அப்போதுதான் என்னைக் கேட்டார். உள்ளே இரண்டு பின்னல் போட்ட கறுப்பு ஓஸிலிருந்து ஆரம்பித்தேன். பனமலை வரும்வரை நிறுத்தாமல் சொன்னேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்க வழியில்லாமல் அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.