லென்ஸ் இல்லாமல் வந்த கேமரா

போட்டோகிராபர் தொழிலில் படம் எடுப்பது கால் பங்கு வேலை. மீதி முக்கால் பங்கு, இன்னும் வாங்காத சாமானை நினைத்து ஏங்குவது. முதல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கிவிட்டு விழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியில் ஜெராக்ஸ் கடையும், அதற்குள்ளேயே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் நடத்திவந்த நான், விசேஷங்களுக்குப் படம் எடுக்கலாம் என்று துணிந்த முதல் வருடத்தில் பட்டவற்றில் சில இங்கே.

பாடி வந்தது

இணையத்தில் பார்த்து, தஞ்சாவூரில் ஒருவரிடம் பழைய கேமரா சொல்லியிருந்தேன். பார்சலைப் பிரித்தால் கேமரா இருக்கிறது, முன்னால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. விளம்பரத்தை மறுபடி படித்தேன். 'பாடி மட்டும்' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னார்குடிக்கு வேலையாகப் போயிருந்த என் வீட்டுக்காரர் ஜெபராஜைப் போனில் கூப்பிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாடி மட்டும்தாங்க வந்திருக்கு" என்றேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கால் மணி நேரத்தில் சரோஜா அக்கா தெருவிலிருந்து நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவர் கையில் மாலை. சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து என்றேன். அடுத்து, மெதுவாக, எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்றார். படம் எடுப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எல்லாம் வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும், அப்புறம்தான் எடுக்க முடியும் என்றேன்.

சரோஜா அக்கா மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வாரமெல்லாம் தாங்காதும்மா. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா?"

பின்னால் இருந்தவர்

வாங்கிய லென்ஸ் ஐம்பது எம்.எம். அதில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் அதில் ஓர் எண்ணைக் குறைத்தால், குறிவைத்த முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாகி, பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி மங்கிவிடும். அந்த மயக்கத்தில் நான் இருந்தபோதுதான் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம் கிடைத்தது. எனக்கு அதுதான் முதல் விசேஷம். இது நன்றாக அமைந்தால் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூப்பிடுவார்கள் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

கலசத் தண்ணீர் ஊற்றியது, மாலை மாற்றியது, எல்லாவற்றையும் எண்ணைக் குறைத்தே எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அறுபது நிறைந்த சார் அரை அடி முன்னால் உட்கார்ந்திருந்தார், அவர் வீட்டம்மா அரை அடி பின்னால். ஒரு படம் பாக்கியில்லாமல் சார் பளிச்சென்று இருந்தார், அம்மா புகை மாதிரி இருந்தார்.

மறைத்துப் பயனில்லை என்று படங்களை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போனேன். சாருக்குப் பரம சந்தோஷம். தன் மீசையில் எத்தனை முடி நரைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டு, இருவரையும் ஒரு நாள் உட்காரவைத்து மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபமே இல்லை.

"முப்பத்தாறு வருஷமா இந்த வீட்டுல நான் இப்படித்தாம்மா இருக்கேன். அது உன் கேமராவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மூன்று கால்

கை ஆடுகிறது என்று ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். பழகுவதற்காக ஒரு நாள் காலை, ஊருக்கு வெளியே நடவு முடிந்த வயல் வரப்பில் அதை நிறுத்தி, கொக்குகளைக் குறிவைத்து அரை மணி நேரம் குனிந்து நின்றேன். நிமிர்ந்தால், சுற்றி ஐந்து பேர். அந்தப் பக்கம் பைபாஸ் ரோடு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முருகையன் என்ற வயல்காரர் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்தே வந்துவிட்டார். நான் அளக்க வரவில்லை, கொக்கைத்தான் எடுக்கிறேன் என்றேன். அளக்க வருகிறவர்கள் யாரும் அளக்க வந்தேன் என்று சொல்வதில்லை என்றார் அவர்.

சரி, படத்தைக் காட்டினால் நம்பிவிடுவார் என்று காட்டினேன். நம் லென்ஸ்தான் ஜூம் இல்லாததாயிற்றே. படம் முழுக்க அவருடைய வயல். நடுவில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இதில் கொக்கு எங்கே, எல்லாம் என் நிலமாகத்தானே இருக்கிறது என்று அவர் இன்னும் கலங்கிப்போனார். நான் பட்டனை அமுக்கி அமுக்கிப் பெரிதாக்கி, அந்தப் புள்ளிக்கு அலகும் காலும் முளைத்த பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் எனக்கு டீ வாங்கவே ஆள் அனுப்பினார்.

கிளம்பும்போது முருகையன் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கொக்க எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. அந்த மூணு காலை மட்டும் ஊர் எல்லைக்கு அந்தாண்ட வச்சுட்டு வாங்க."

பெண்கள் பக்கம்

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு நிக்காஹ். பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வர முடியாது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். மணப்பெண் நஸ்ரினின் அத்தா சவூதியில் வேலை செய்கிறார், லீவு கிடைக்கவில்லை. மகள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற படம் மட்டும் உடனே வேண்டும் என்று என்னிடமே போனில் கேட்டார். நானும் தைரியமாகச் சரி என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, கேமராவிலிருந்து போனுக்குப் படத்தை மாற்றுகிற கார்டு ரீடர் என் ஜெராக்ஸ் கடை மேஜையிலேயே கிடக்கிறது.

வேறு வழியில்லாமல், நஸ்ரின் அலங்காரம் செய்துகொள்ளும் படத்தைக் கேமராத் திரையில் வரவழைத்து, அதை என் போனால் படம் எடுத்து அனுப்பிப் பார்த்தேன். அவரிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் மூலையில் பேட்டரி சிவப்பாகத் தெரிகிறதாம், முதலில் சார்ஜ் போடு என்றார். என்னிடம் இரண்டாவது பேட்டரி இல்லை. சார்ஜரை எடுத்துக்கொண்டு ஓடி, தேங்காய்ச் சோறு ஆக்குகிற இடத்தில், மிக்ஸியைப் பிடுங்கிவிட்டுச் சொருகினேன். சமையல்காரர் முறைத்தார். இருபது நிமிடம் அதன் தலைமாட்டிலேயே நின்றேன்.

நஸ்ரினின் மாமா பதிவேட்டை எடுத்து வருவதைப் பார்த்ததும் பேட்டரியை உருவிக்கொண்டு ஓடினேன். நஸ்ரின் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் வாசலைப் பார்த்தாள், பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள். இரண்டையும் எடுத்துவிட்டேன். அனுப்பினேன். இந்த முறை பதில் வர வெகு நேரம் ஆனது. வந்ததும் குரல் செய்திதான்.

"இனிமே பேட்டரி போனாலும் பரவாயில்லம்மா."

கேமராவோடு வந்த நூற்றைம்பது பக்கப் புத்தகத்தை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. என் படத்தில் என்ன குறை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆளுக்குக் குறைச்சலே இல்லை.