முன் சீட்டில் ஒரு டயர்

சுதாகரன் ஓட்டிய வேனுக்குள் ஒரு வீடே இருந்தது. மெத்தை, அலமாரி, கை கழுவத் தொட்டி, காஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தெஹியோவிட்டக் கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் காளிதாஸ் முதலாளி, வெள்ளைக்காரர்கள் படுத்துக்கொண்டே நாட்டைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று தன் பழைய வேனை அப்படி மாற்றியிருந்தார். எல்லாவற்றுக்கும் இடம் பிடித்தவர்கள் ஸ்பெயார் டயரை மட்டும் மறந்துபோனார்கள். வண்டிக்கு அடியில் அது தொங்கிய இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி. பின் கதவில் சைக்கிள் மாட்டும் கம்பி. கூரை முழுவதும் சோலார் தகடு.

முதல் பயணத்துக்கு டயரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னவர் முதலாளிதான். ஆனால் தணமல்வில தாண்டிக் காற்று இறங்கி, இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வெயிலில் வெந்துபோய் நின்றபோது, ஏச்சு வாங்கியவன் சுதாகரன்.

“நான் சொன்னா விட்டுட்டுப் போயிருவியா? டிரைவர் நானா நீயா? இனிமே டயர் இல்லாம வண்டி வெளிக்கிட்டுச்சுன்னா, சாவிய மேசையில வச்சிட்டு தோட்டத்து லய வீட்டுக்கே போயிரு!”

அன்றிலிருந்து டயர் முன் சீட்டில் ஏறிக்கொண்டது. அதைச் சாக்கில் சுற்றி, சீட் பெல்ட்டும் போட்டுவிடுவான்.

“என்னண்ணே, பொண்டாட்டிய விட மரியாதையால்ல கூட்டிட்டுப் போறீங்க?” என்று திரீவீல்கார சதீஸ் ஸ்டாண்டிலிருந்து கத்துவான்.

“இவ சண்டை போட மாட்டாடா தம்பி!” என்று சுதாகரனும் பதிலுக்குச் சிரிப்பான்.

அவன் மனைவி விஜயகலா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். கொஞ்ச காலமாக மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கின. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரைகள் எதையும் இறக்கவில்லை. கடைசியில், நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்க்க கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடைத்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அதே நாளில்தான் வேனும் வெறுமையாகக் கட்டுநாயக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. பிளேனில் வரும் ஆட்களை ஏற்ற.

“ஒன்னைய ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி வுட்டுட்டுப் போறேன்” என்றான் சுதாகரன். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் ஓட்டுகிற வண்டியில் ஒரு தடவைகூட ஏறாதவள் அவள். கேட்டதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

விடிந்ததும் தோட்டத்து ரோட்டு முடக்கில் நின்று அவள் காத்திருந்தாள். தலையில் எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி, பையில் கிளினிக் காகிதங்களோடு. வேன் வந்து நின்றது. கதவைத் திறந்தாள். சீட்டில் டயர்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. டயரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவே கால் வைக்கத்தான் இடம். மெத்தையிலோ முதலாளியே தன் கையால் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய வெள்ளை விரிப்பு.

“ஒரு நாளைக்கு வீட்டுல போட்டுட்டுப் போனா என்னங்க? அவருக்குத் தெரியவா போவுது?”

“நடு ரோட்டுல காத்துப் போனா?”

அவன் மெத்தையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“நீ வேணும்னா... பெட்டுல ஒரு ஓரமா...” என்று இழுத்தான்.

அந்த இழுவையில் இருந்த பயம் அவளுக்குக் கேட்டுவிட்டது. துரை பங்களாவின் நாற்காலிகளைத் தலைமுறை தலைமுறையாகத் துடைத்து வைத்து, ஒரு நாளும் அதில் உட்காராத குடும்பத்துப் பெண் அவள். பால் பிசுக்கு ஏறிய தன் விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“வேணாங்க. கறை கிறை பட்டா ஒங்களத்தான் ஏசுவாரு. நீங்க டயரக் கூட்டிட்டுப் போங்க. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்.”

அவன் டயரை மறுபடி முன் சீட்டில் ஏற்றி, பெல்ட்டை மாட்டினான்.

அவிசாவளை பஸ் ஆள் நெரிசலோடு வந்தது. “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!” என்று முன்னுக்குப் போகச் சொல்லி கண்டக்டர் முதுகில் தள்ள, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். அவிசாவளையில் இறங்கி, மூச்சு திரும்புமட்டும் கடை வாசலில் உட்கார்ந்திருந்து, அடுத்த பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்குக் கொடுக்கும் நம்பர் முடிந்துவிட்டது. சித்திரைக்குப் பிறகு வரச்சொல்லி வேறொரு திகதி எழுதிக் கொடுத்தார்கள்.

வேன் ஒரு குறையுமில்லாமல் கட்டுநாயக்காவை அடைந்தது. அந்த டயர் தேவைப்படவே இல்லை. வழியெல்லாம் கண்ணாடியில் அந்த வெள்ளை மெத்தை ஆடி ஆடித் தெரிந்துகொண்டே வந்தது.

பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தான்.

“பாத்தாங்களா?”

“இல்லீங்க. நம்பர் முடிஞ்சிருச்சி.” மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “டயர் பத்திரமாப் போய்ச் சேந்துச்சா?”

பங்குனியில் ஒரு காலை, வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரத்தடியிலேயே விஜயகலா சரிந்து விழுந்தாள். டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டது.

கருமாதிக்குக் காளிதாஸ் முதலாளி வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நடந்ததை யாரோ சொல்லக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட மடையா! வண்டி வெறுமனேதானேடா போச்சு? பெட்டுல ஒரு பொலித்தீன விரிச்சு டயரப் போட்டிருக்கலாமே. கடையில ரோல் ரோலா கெடக்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பேன்!”

“தங்கமான மனுசன்” என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் போன பிறகு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மகள் துஷாந்தினி கேத்தலைக் கீழே வைத்தாள்.

“கேட்டீங்களாப்பா?”

“என்னம்மா?”

“அம்மாவ ஏத்திட்டுப் போகவான்னு. போன் சட்டப் பையிலதானே இருந்துச்சு. கேட்டீங்களா?”

“கேட்டா ஏசுவாருன்னு...”

“ஏசட்டுமே! ஏசுனா செத்தா போயிருவீங்க?”

வெள்ளிக்கிழமை யால காட்டைப் பார்க்க ஒரு ஜெர்மன் குடும்பம் போக இருக்கிறது என்று முதலாளி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னபோது, சுதாகரன் தலையாட்டியிருந்தான். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.